ஏர் டேங்கில் குடியிருந்த நாகம்

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறது அய்யாதுரையின் தண்ணீர் லாரி ஷெட். அன்று வியாழக்கிழமை காலை அங்கே இருபது லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. மயிலாப்பூரில் குளிக்காமல் காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே லாரிகளிலிருந்து நாகம் இறங்க வேண்டியிருந்தது.

இறக்கப் போகிறவர் வாகன நாகச் சித்தர். மனிதர்களுக்கு மட்டுமே இருந்துவந்த நாகதோஷத்தை லாரிகளுக்கும் வாங்கிக் கொடுத்த பெருமை அவருடையது. சாலையில் அடிபட்டுச் செத்த நாகத்தின் ஆவி சக்கரத்தைப் பிடித்து ஏறி, பிரேக்குக்குக் காற்று அடைத்து வைக்கும் ஏர் டேங்கில் குடியேறிவிடுகிறதாம். வாடகை கூடக் கொடுப்பதில்லை. பிரேக் பிடிக்காமல் போவது, டயர் வெடிப்பது, லோன் தவணை கட்ட முடியாமல் போவது எல்லாம் அதன் வேலைதானாம்.

நாகம் இருக்கிறதா என்று பார்க்கும் முறை எளிது. சித்தர் உடுக்கை அடிப்பார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வெளியே வரும் நாகத்தின் கண்ணைப் பார்த்தவன் குடும்பம் விளங்காது. சீடர் கிச்சா மட்டும் திறந்த கண்ணோடு விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். அவருக்கு ஐம்பது வயது. பிறவியிலேயே நாகம் தீண்டாத உடம்பு என்று கேள்வி. உடுக்கை நின்றதும் வண்டிக்கு அடியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல் கேட்கும். உடனே வண்டி முதலாளி சித்தருக்கு வெள்ளி நாகம் ஒன்று காணிக்கை கொடுக்க வேண்டும். மறுபடி உடுக்கை, மறுபடி கண் மூடல், சீறல் நின்றுவிடும்.

கிண்டியிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்த மற்ற வண்டி முதலாளிகள் கூப்பிய கையோடு நின்றார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து கம்பெனிகளுக்கு பஸ் விடும் ஒருவர், கண்ணை இறுக மூடிக்கொண்டே இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்தார். அவருடைய செருப்பு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

இந்தக் கூட்டத்தில் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் டிரைவர் நோயல். அய்யாதுரையிடம் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவன். போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அவன் பிரேக்கை மிதித்தபோது டேங்கில் இருக்கும் காற்றின் அளவைக் காட்டும் முள் சரசரவென்று இறங்கியது. லாரி தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச தூரம் போய், ஒரு பள்ளிக்கூட ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. ஆட்டோவில் ஆறு குழந்தைகள். அதில் ஒன்று திரும்பிப் பார்த்து அவனுக்கு டாட்டா காட்டியது. அன்று முழுக்க நோயலுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னான்.

"போன மாசந்தானல சித்தர் எறக்கிவிட்டாரு. திரும்ப ஏறிட்டு போல. வியாழக்கிழம வாராருல்லா, பாத்துக்கிடலாம்" என்றார் அய்யாதுரை.

"மொதலாளி, ஒர்க்‌ஷாப்ல உட்டு ஒரு தபா பாத்துடலாமே."

"அங்க விட்டா நாலு நாளு வண்டி படுத்துக்கிடும். ஒனக்கு ஓட்ட பயமா இருந்தா சொல்லிரு. வேற ஆளு இருக்கான்."

ஓட்டினால் ஆறு குழந்தைகள். ஓட்டாவிட்டால் வேலை போய்விடும். அடுத்த ஐந்து நாளும் நோயல் மாட்டு வண்டி வேகத்தில் லாரியை ஓட்டி, பின்னால் வந்த அத்தனை பேரிடமும் திட்டு வாங்கினான். நாகத்தில் அவனுக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. அவன் லாரிக் கண்ணாடியில் ஜெபமாலையும் எலுமிச்சம்பழமும் சண்டை போடாமல் ஒன்றாகத் தொங்கின.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி ஜொவிட்டாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட்.

"நாகம் சீறும்போது காத்து முள்ளு இன்னா பண்ணுது?" என்று கேட்டாள்.

"எறங்குது."

"ஏன் எறங்கணும்? பாம்பு காத்தக் குடிக்குதா?"

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவேயில்லை.

"எங்க லேப்ல கேஸ் டியூபுல ஓட்டை கீதான்னு பாக்க சோப்புத் தண்ணி தடவுவோம். நுரை வந்தா ஓட்டை. அதுக்கு உடுக்கை அடிக்கறதில்ல" என்றாள் ஜொவிட்டா. மறுநாளுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டாள்.

வியாழன் விடிந்ததும் இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்றை முழுசாக ஏற்றி, இன்ஜினை அணைத்தான் நோயல். பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பூசினார்கள். எங்கேயும் நுரை இல்லை.

"அப்போ நாகந்தான் போல" என்றான் அவன் சோர்ந்துபோய்.

"மிதிச்சாத்தான எறங்குதுன்னு சொன்ன? நான் ஏறி மிதிக்கிறேன், நீ கீழ பாரு."

அவள் மிதித்தாள். இடது பின்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் புடைத்தது. அதன் மேல் சோப்பு கொப்பளித்தது. ஸ்பிரிங் பட்டையில் உரசி உரசி மேல் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. இன்னும் எத்தனை மிதி தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஜொவிட்டா பையிலிருந்து நகப்பாலிஷை எடுத்தாள். ஏர் டேங்கில் இருந்த ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டையும் குழாயையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

"இது எதுக்கு?"

"உங்க நாகத்துக்குக் கை கீதான்னு பாக்கத்தான்."

ஒன்பது மணிக்குச் சித்தர் காரில் வந்து இறங்கினார். நோயலின் லாரிதான் முதல். உடுக்கை அதிர்ந்தது, கண்கள் மூடின, கிச்சா அடியில் புகுந்தார். உடுக்கை ஓய்ந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று நாகம் சீறியது. அய்யாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதலாளி, ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க" என்றான் நோயல்.

வெள்ளை வேட்டியோடு அய்யாதுரை மண்டி போட்டார். நட்டில் பாதிக் கோடு, குழாயில் பாதிக் கோடு. நடுவில் ஒரு விரல் இடைவெளி, அங்கிருந்துதான் காற்று சீறிக்கொண்டிருந்தது. காலையில் ஒரே கோடாக இருந்ததை ஜொவிட்டா போனில் எடுத்த படத்தில் காட்டினாள். நோயல் கிச்சாவின் கையிலிருந்த விபூதித் தட்டைக் கவிழ்த்தான். 'டங்' என்று ஒரு சின்ன ஸ்பேனர் விழுந்தது.

கூட்டம் சித்தரைப் பார்த்தது. சித்தர் கலங்கவில்லை. தொழில் பழக்கம்.

"நாகம் வெளியே வரும்போது வாலைச் சுழற்றும். அதில் நட்டு திரும்பியிருக்கும்."

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும், கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். செருப்பைப் படம் எடுத்தவர் அதிகமாகவே ஆட்டினார். ஸ்பேனர் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் உடுக்கை இன்னொரு முறை அதிர்ந்து, கிச்சா அதே ஸ்பேனரோடு அடியில் போய்வர, சீறலும் நின்றுவிட்டது.

"நாகம் இறங்கியது. இனி இந்த வண்டிக்கு நான் பொறுப்பு" என்றார் சித்தர்.

"ரொம்ப சந்தோசம் சாமி" என்று நோயல் லாரியில் ஏறி உட்கார்ந்தான். "தொட்டில தண்ணி ரொப்பிக்கினு வரேன். நீங்க அந்தச் செவுத்தாண்ட போய் நில்லுங்க. நேரா உங்க மேல வந்து, பத்தடி இருக்கும்போது பிரேக்க மிதிக்கிறேன். நீங்கதான பொறுப்பு."

சித்தர் சுவரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். ராகு காலம் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்.

"வியாழக்கெழம ராகு காலம் மத்தியானம் ஒண்ணரைக்குல்லா" என்றார் அய்யாதுரை. ஸ்பேனரை நம்பாத மனிதர், பஞ்சாங்கத்தை நம்பினார். "போயி நில்லுங்க சாமி."

"அவரு பெரியவரு, அவருக்கு எதுக்குக் கஷ்டம். சீடர் நிக்கட்டுமே, நாகம் தீண்டாத ஒடம்பாச்சே" என்றாள் ஜொவிட்டா.

கிச்சா இரண்டு அடி பின்னால் போனார். "ஐயோ, நான் மாட்டேன் நைனா. பின்னால ஹோஸ் தேஞ்சு நூலு தெரியுது. மிதிச்சா புட்டுக்கும்."

நோயல் லாரியிலிருந்து குதித்து இறங்கினான்.

"நூலு எப்ப பாத்த?" என்றான் நோயல்.

"போன மாசமே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ஹோஸ் மாத்துனா கடைக்காரனுக்குத்தான துட்டு. எங்களுக்கு இன்னா?"

நோயலுக்கு டாட்டா காட்டிய அந்தச் சின்னக் கை கண் முன்னால் வந்தது. அடிக்க ஓங்கிய அவன் கையை ஜொவிட்டா பிடித்துக்கொண்டாள். அதற்குள் சித்தர் காரில் ஏறிப் பறந்துவிட்டார். தெருமுனையில் நாய் குறுக்கே வந்தபோது அந்தக் கார் சொன்ன இடத்தில் நின்றது. நாகம் ஏறாத வண்டி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் விடுகிறாராம்.

ஒர்க்‌ஷாப்காரன் ஹோஸை மாற்ற முக்கால் மணி நேரம்தான் எடுத்துக்கொண்டான். அய்யாதுரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு, தன் மற்ற லாரிகளின் அடியையும் பார்க்கச் சொன்னார். இன்னும் மூன்றில் இதே கதை.

மீதி முதலாளிகள் என்ன செய்தார்கள்? செங்குன்றம் பக்கம் இதைவிடச் சக்தியுள்ள ஒருவர் இருப்பதாக, கலையும்போதே பேசிக்கொண்டு போனார்கள். தாராளமாகப் போகட்டும். அவர் பூஜை முடித்ததும், அந்த வண்டிக்கு முன்னால் அவரையே நிற்க வைத்துப் பாருங்கள். அவர் நிற்க மாட்டார் என்றால், தெருவில் போகிற பிள்ளைகள் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?