ஒரு கூடை மண்ணுக்குக் குடை

தரைக்கு மேலே நடக்கிற எதையும் நம்பாத மனிதர் இந்தச் சீமையிலேயே ஒருவர்தான்: 'முடிச்சு'. 1930-களில் நான் புதுச்சத்திரத்தில் போர்டு ஸ்கூல் வாத்தியார். அவர் விவசாய இலாகா அனுப்பிவைத்த ஆள். கண்ணில் பட்ட கடலைச்செடியையெல்லாம் பிடுங்குவார். வேரிலிருக்கும் குட்டி முடிச்சை நகத்தால் கிள்ளுவார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், "குடும்பம் சௌக்கியம்!" என்பார். அதற்குள் கோடிக் கிருமிகள் குடியிருந்து, காற்றைப் பிசைந்து செடிக்குச் சோறூட்டுகின்றனவாம்.

ஒரு சாவு ஊர்வலத்தில் பாடையை முந்திக்கொண்டு ஓடி அவுரிச்செடியைப் பிடுங்கினார்.

"ஏனுங்க, இப்பவுமா?" என்றேன்.

"செத்தவருக்கு அவசரமில்லீங்க."

குப்பாயி ஒரு பொட்டல் காட்டைக் கொத்தித் திருத்திக் குத்தகைக்குப் பண்ணினாள். இரண்டு வருஷமாகக் கடலை இலை மஞ்சளாய் வெளுத்து, காய் பிடிக்காமல் நின்றது. இந்த ஆடியில் விதைப்பதும் அப்படியே போனால் காடு வேறு ஆளுக்கு என்று உடையவர் சொல்லிவிட்டார். முடிச்சு பழைய வேரைப் பார்த்தார். ஒரு முடிச்சுகூட இல்லாத மொட்டை வேர்.

"குடியிருக்க ஆளே இல்லீங்க. கடலை செழிக்கிற பக்கத்துக் காட்டுல ஒரு கூடை மண்ணு வாங்கி வெதையோட கலந்துருங்க."

பக்கத்துக் காட்டுக் காளியண்ணன் குதித்தார். "மண்ணள்ளிட்டுப் போயி சூனியம் வெக்கறதுக்கா? என்ற வெள்ளாமையே கூடப் போயிருமுங்க!"

"ஒறைமோரு குடுத்தா உங்கூட்டுத் தயிரு கொறையுதுங்களா? இவிங்களும் போற எடத்துல பெருகிக்குவாங்க. வெயில் தாழ வந்து அள்ளிக்கறமுங்க."

காளியண்ணன் மீசையைத் தடவினார். "ஒறைமோருன்னாச் சரி. ஆனா வெளக்கு வெக்கற நேரத்துல தரமாட்டனுங்க. உச்சிப்பொழுதுக்கு வாங்க."

முடிச்சு தலையில் கை வைத்துக்கொண்டார். வெயில் பட்டால் அவருடைய குடித்தனக்காரர்கள் செத்துப்போவார்களே!

மறுநாள் உச்சியில் குப்பாயியின் தலையில் கூடை. கூடைமேல் ஈரச்சாக்கு. அதுவும் போதாதென்று முடிச்சு தன் குடையை விரித்து மண்ணுக்குப் பிடித்தபடி நடந்தார். அவருடைய வழுக்கைத்தலை வெயிலில் தாம்பாளமாய்த் தகதகத்தது. எதிரே வந்த கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"எந்தச் சாமிங்க பொறப்பாடு?"

"கண்ணுக்குத் தெரியாத சாமிங்க. வழி விடுங்க!"

மண்ணைக் கலந்து விதைத்தாள். மழை பெய்தது. பொட்டல் முதல்முறையாகக் கரும்பச்சை உடுத்தியது. குப்பாயி தானே ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளிப் பார்த்தாள். காடு அதிரக் கத்தினாள்: "குடும்பம் சௌக்கியமுங்க!" குத்தகை அவளிடமே நின்றது.

முடிச்சுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நடுமதியம், பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். குப்பாயி வந்து அவர் கையிலிருந்த குடையை வாங்கி அவர் தலைக்கு மேல் விரித்தாள்.

"எனக்கெதுக்குங்க?"

"வெயில்ல வாடிறக் கூடாதுங்க, சாமி. போற ஊர்ல நீங்களும் பெருகோணுமில்ல?"

முடிச்சு குனிந்து தரையைப் பார்த்தார். அங்கே செடி ஒன்றும் இல்லை. பஸ் வரும்வரை குப்பாயி கையை இறக்கவில்லை. அந்த நிழலின் ஓரத்தில் நானும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றேன்.