பச்சைக் காயைச் சாக்கில் கட்டிய கணக்கு

மரியாதைக்குரிய மச்சான் சின்னமுத்து அவர்களுக்கு, குமுளியிலிருந்து தங்கதுரை எழுதிக்கொள்வது. இங்கே விடாத மழையைத் தவிர எல்லாம் சௌக்கியம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் கிளாஸ் ஓணப் பரீட்சையில் என் மகள் மோனிஷா வாக்கியக் கணக்குகள் எல்லாவற்றிலும் சைபர் வாங்கினாள். சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் தங்கை இந்து உடனே உங்களைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கம்பத்தில் உங்கள் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் பேசியது எனக்குத் தெரியும். போனில் பேசினால் அவள் குறுக்கே வருவாள் என்பதால்தான் இந்தக் கடிதம். இடமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு நான் ஏலக்காய்க் கடையை அடைத்துவிட்டு எதற்கு வர வேண்டும்?

நடந்ததை அப்படியே சொல்கிறேன், நியாயம் உங்களுக்கே விளங்கும். பரீட்சைக்கு முதல் நாள் பழகிப் பார்க்க டீச்சர் கொடுத்தனுப்பியதில் முதல் கணக்கு: ஒரு வியாபாரி முப்பது கிலோ பச்சை ஏலக்காயை ஆறு சாக்குகளில் சமமாக நிரப்பினால் ஒரு சாக்கில் எவ்வளவு? மோனிஷா ஐந்து என்று வாயெடுத்தாள், நான் விடவில்லை. பச்சைக் காயைச் சாக்கில் கட்டினால் புழுங்கி வீணாகிவிடாதா, எந்த வியாபாரி அப்படிச் செய்வான், முதலில் ஸ்டோர் சூட்டறையில் போட்டு உலர்த்து, ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும், முப்பது ஆறாகும், சாக்குக்கு ஒரு கிலோ என்று விளக்கி, அதற்கு ஆறு சாக்கு எதற்கு, ஒன்றே போதும் என்றும் சேர்த்து எழுதச் சொன்னேன். அடுத்து, நாற்பது பேர் போகிற பஸ்ஸில் பத்துப் பேர் இறங்கினால் மீதி எத்தனை என்று ஒன்று. டிரைவரும் கண்டக்டரும் மனிதர்கள் இல்லையா, முப்பத்திரண்டு என்றேன். பிறகு சோலை என்பவன் இருபது ஆரஞ்சை நான்கு பேருக்குச் சமமாகக் கொடுத்தான் என்று வந்தது. தனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளாத ஆள் உண்டா, அவனையும் சேர்த்து ஐந்தாக வகு என்றேன். பரீட்சையில் அதே கணக்குகள் வந்தன, பிள்ளை ஓர் எழுத்து மாறாமல் எழுதிவைத்தாள்.

டீச்சர் சாந்தம்மாள் எங்களை வரச் சொன்னார். "சார், உங்க மக கணக்குப் போடலை, காய் யாவாரம் பண்றா" என்றார்.

"பச்சைக் காயைக் கட்டி வச்சா மறுநாளு மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சாக்கை அவுக்கணும் டீச்சர்" என்றேன்.

"கணக்குல மறுநாளே கிடையாது சார்" என்றார்.

இந்து வழி நெடுக விடவில்லை. "கேள்வியில இல்லாததை எல்லாம் உங்களை யாரு உள்ள இழுக்கச் சொன்னா? நாலு பேருன்னா நாலு பேருதான். சோலை பட்டினி கிடந்துட்டுப் போறான்."

நான் அசரவில்லை. பத்தாம் கிளாஸைத் தாண்டாமலே வடக்கே வரைக்கும் காய் அனுப்புகிறவன், மூன்றாம் கிளாஸ் கணக்கிடமா தோற்பேன்? இனி சாயங்காலம் மோனிஷா கடையில் என் பக்கத்தில் உட்காருவாள், சரக்கை முன்னால் வைத்தே சொல்லிக்கொடுப்பேன், கிறிஸ்மஸ் பரீட்சையில் முழு மார்க். ஆகவே இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. மழை விட்டதும் குடும்பத்தோடு மலையேறி வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கதுரை

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கவரை ஒட்டுவதற்குள் மோனிஷாவுக்குப் புதிதாக ஒரு கணக்குக் கொடுத்தேன். "ஸ்கூல் விடை வேணுமாப்பா, கடை விடை வேணுமா?" என்று கேட்டாள். இரண்டையும் சொன்னாள், இரண்டும் சரி. பிறகு ஏன் பரீட்சையில் ஸ்கூல் விடையை எழுதவில்லை என்றேன். "பேப்பர்ல ஸ்கூல் விடையைப் பாத்தா உங்க மூஞ்சி வாடிரும்ல" என்றாள். அதன்பின் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். மோனிஷா குமுளியிலேயே படிப்பாள். சொல்லிக்கொடுப்பது இந்து. பிள்ளை பென்சிலைக் கீழே வைக்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது. வைத்த பிறகு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். கணக்குக்கு மூன்று கேள்வி வேண்டும் என்று பேரம் பேசிப் பார்த்தேன், மோனிஷா அசையவில்லை. ஒரு கணக்குக்கு ஒரு கேள்வி என்று முடிந்தது.