வெயிலு சார் வீட்டு வெளிச்சம்

பாண்டிச்சேரியில் சூரியன் தினமும் எங்கள் வெயிலு சாரிடம் கேட்டுக்கொண்டுதான் உதிக்கிறது என்று சில வருடங்கள் நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆனி மாதம் மூன்றரை மணிக்கு, கருவடிக்குப்பத்தில் இன்னும் கட்டாத ஒரு வீட்டின் எட்டாவது மாடிப்படியில் வெயில் விழும் என்று அவர் சொன்னால், வீடு கட்டி முடித்த பிறகு எட்டாவது படியில்தான் விழும். தப்பித்தவறி ஒன்பதாவது படியில் விழுந்தால், சூரியன்தான் கணக்கில் வீக் என்று நாங்கள் சொல்வோம். அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிடுவார்.

ஊர் நடுவே ஓடுகிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய மாடி வீட்டில் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். முதலாளியம்மாவை மேடம் என்போம். நான் அங்கே வரைபடம் போடுகிறவன். பக்கத்து சீட் வெயிலு சார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. கட்டப் போகிற கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் கட்டி, மேலே நம்ம ஊர் வானத்தை மாட்டி, எந்த அறையில் எந்த நேரம் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. தரையிலிருந்து மேசை உயரத்துக்குக் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகப் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியிலும் விழும் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். மற்ற ஆபீஸ்களில் அரை நாளில் முடிக்கிற இந்த வேலைக்கு அவர் பத்து நாள் எடுத்துக்கொள்வார்.

ஏன் பத்து நாள் என்று ஒருமுறை அவசரத்தில் கேட்டுவிட்டேன்.

"சுவரு வெள்ளைன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே சார்?"

"எந்த வெள்ளை?" என்றார். "நேத்து அடிச்ச வெள்ளையா, மூணு வருஷத்து வெள்ளையா, ஊதுபத்திப் புகை ஏறின வெள்ளையா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சத்தத் திருப்பி அனுப்பும். சும்மா வெள்ளைன்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாதுபா."

அதற்குப் பிறகு நான் அவரிடம் எந்த நிறத்தைப் பற்றியும் பேசியதில்லை.

ஊருக்குள் ஒரு பெரியவர் தன் பழைய வீட்டைப் புதுப்பிக்க எங்களிடம் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். அவரை உட்கார வைத்து வெயிலு சார் ஒன்றரை மணி நேரம் விசாரித்தார். காலையில் பேப்பர் எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள், எந்தப் பக்கம் முகம் வைத்து, ஜன்னல் திரை பாதி மூடியிருக்குமா, முழுசா மூடியிருக்குமா, காபி டவராவை எங்கே வைப்பீர்கள். சொல்தாவுக்கு வேர்த்துவிட்டது.

"மதாம், நான் வூடு கட்டப் போறனா, இல்ல மறுபடியும் பட்டாளத்துல சேரப் போறனா?" என்று மேடத்தைப் பார்த்துக் கேட்டார். ஆனால் வீடு முடிந்ததும் அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியில் காலை வெளிச்சம் வந்து விழுந்த அழகைப் பார்த்துவிட்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார்.

வெயிலு சார் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் இலைக்கு வெளிச்சம் அளப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், பிரசங்கம் உச்சத்தில் இருந்த நேரத்தில், மீட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். பூசை முடிந்ததும் சாமியார் பிடித்துக்கொண்டார்.

"என்னா, நான் பேசறத போன்ல படம் புடிக்கிறீங்களா?"

"இல்ல ஃபாதர். உங்க பொஸ்தகத்துமேல வெளிச்சம் பத்தல. அதான் ரெண்டாவது வாசகத்துல தடுமாறுனீங்க."

சபை முழுக்க சாமியாருக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த வாரம் அங்கே ஒரு விளக்குப் போட்டார்கள். சாமியார் தடங்கலில்லாமல் வாசித்தார். பிரசங்கம் மட்டும் பத்து நிமிஷம் கூடிப்போனது.

வீராம்பட்டினம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் கம்ப்யூட்டரில் போட்ட மாடலைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிச்சம் நிறைய இருந்தால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று படம் வரும். அன்றைக்கு எல்லா வகுப்பறையும் கருநீலமாக வந்தது. எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் கருநீலம். வேறு ஆளாக இருந்தால் கம்ப்யூட்டரைத் திட்டியிருப்பான். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போய், காலி மனையில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார். புள்ளிகளை எல்லாம் வானத்தைப் பார்க்க வைப்பதற்குப் பதிலாகத் தரையைப் பார்க்க வைத்துவிட்டிருந்தார்.

"நான்தான் தல குனிய வெச்சிட்டேன்," என்று மேடத்திடம் போய் மன்னிப்புக் கேட்டார். மனிதர் சொல்வது ஒன்று, மாடல் சொல்வது ஒன்று என்றால், மாடலில்தான் பிழை இருக்கும் என்பது அவருடைய வேதம். இதை வைத்து அவரை நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை.

இனிமேல் சொல்லப்போவதையும் முதலில் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

அவர் வீடு மூலக்குளத்தில். மனைவி செலின் அக்கா வீட்டிலேயே ப்ளவுஸ் தைப்பார். கழுத்துக்கு அவர் வைக்கிற பைப்பிங்குக்காக ரெட்டியார்பாளையத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒருநாள் அக்கா சொல்லியிருக்கிறார்: "என்னாங்க, வூடு ஒரே இருட்டா இருக்குது. ஊசில நூலு கோக்க முடியல."

ஊர் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் பார்த்துச் சொல்கிறவர் வீட்டில் இருட்டு. மனிதர் ஆடிப்போய்விட்டார். மறுநாளே தன் வீட்டை மாடல் போட ஆரம்பித்தார். அதில் அவர் விட்டுவைத்தது எதுவும் இல்லை. ஃபிரிட்ஜைப் போட்டார், காலண்டரைப் போட்டார், கொடியில் காய்கிற புடவையைப் போட்டார். பக்கத்து வீட்டு மாமரத்தைக் கிளை கிளையாக அளந்து போட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தில் ஏறியவன் நான்தான்.

"ஏம்பா, என் மரத்த எதுக்கு அளக்கிறீங்க? வெலைக்கு வருதா?" என்று கீழிருந்து கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாடல் ஓடியது. தையல் மெஷின் இருக்கிற இடத்தில் வெளிச்சம் தாராளம் என்றது. மீட்டரை வைத்து அளந்தார், அதுவும் தாராளம் என்றது. அக்கா மட்டும் இருட்டு என்றார். வெயிலு சார் யார் பேச்சை நம்புவார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினார். பிறகு ஜன்னலில் இருந்த கொசுவலையைப் பிய்த்தார். மூலக்குளத்துக் கொசு முழுக்க உள்ளே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி, தன் சமையலறையைப் பார்த்த அவருடைய சுவரில் தானே போய் வெள்ளை அடித்தார். நான் ஏறிய மாமரத்தில் இரண்டு கிளை போயிற்று. கடைசியில் மேல்தளத்தையே வெட்டிக் கண்ணாடி பதித்தார். ஐப்பசி மழையில் அது ஒழுகி, தையல் மெஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு முறையும் அக்கா, "இப்பக் கொஞ்சம் பரவால்லங்க," என்பார். இரண்டு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி, "திரும்பவும் இருட்டாத்தான் இருக்குது," என்பார். இவர் ஆபீசுக்கு வந்து, "மாடல்ல எங்கியோ தப்பு இருக்குதுபா," என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். காலையில் டீ வந்ததும், "நேத்து எதை இடிச்சாரு?" என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் கொசுக் கதையும் குடைக் கதையும் நடித்தே காட்டுவேன். மேடம்கூட கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். இப்படி ஒன்றரை வருடம் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு. வீடு முழுக்க வெளிச்சம். கூசிப்போய் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்தார். வழியில் இருந்த ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டார். என் தட்டுக்கு நேராகக் குனிந்து, தட்டுக்குப் பக்கத்தில், தரையில் குழம்பை ஊற்றினார். ஊற்றிவிட்டு, "போதுமா தம்பி?" என்றார்.

நான் வெயிலு சாரைப் பார்த்தேன். அவர் தலையை உயர்த்தித் தளத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நேரத்துக்கு வெளிச்சம் இங்க வந்திருக்கணுமே," என்று முணுமுணுத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "யோவ்! வூட்ல ஒண்ணும் இல்லய்யா. அக்கா கண்ணப் போய்க் காட்டுய்யா," என்று கத்திவிட்டேன். அதுவரை அவரை 'சார்' என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கண்ணில் பிரஷர் என்றார் டாக்டரம்மா. வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. நடுவில் ஒரு துளி பாக்கி. "போனது திரும்பாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம்," என்றார். அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. இருந்தாலும் வெயிலு சார் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மரத்தப் போட்டேன். கொசுவலையப் போட்டேன். காலண்டரக்கூடப் போட்டேன்," என்றார். "அவ கண்ண நான் போடலியேபா."

பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் மரத்தில் ஏறிக் கிளையை அளந்தவன்தானே நானும். அவருக்காவது கவலை. எனக்கு அது டீ நேரத்துக் கதை.

சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் பார்த்தார்கள். அந்த ஒரு துளியும் போன வருடம் போய்விட்டது. வெயிலு சார் வேலையை விட்டுவிட்டார். மேடம் இரண்டு முறை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இப்போது அவர் சீட்டில் வேறொருவர் இருக்கிறார். சுவர் வெள்ளை என்று போடுகிறார், அரை நாளில் வேலை முடிகிறது. படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

போன மாதம் மூலக்குளம் போயிருந்தேன். வெயிலு சார் மீன் வாங்கப் போயிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒக்காரு தம்பி. அவரு இல்லாதப்ப ஒண்ணு சொல்லணும். தெனம் அழுவுறாரு. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிக்கினு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டு அழுவுறாரு."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கண்ணு போச்சே, கோவம் இருக்காதா? எங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா, 'உனக்குத்தான்டி கண்ணு அவிஞ்சுபோச்சு'ன்னு அன்னிக்கே சொல்லியிருப்பாங்க. யாரு வூட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் இருட்டா இருக்குதுன்னு சொன்னேன், தம்பி. அந்த ஒரு பேச்ச நம்பி வூட்டையே இடிச்ச ஆளு அவரு. ஒருநாள்கூட, ஒருநாள்கூட, உனக்குத்தான் கொறன்னு என்னச் சொல்லல. நான் போய்ச் சொன்னா சமாதானம் பண்றேன்னு நெனப்பாரு. நீ சொல்லு."

சொல்கிறேன் அக்கா என்றேன். வெயிலு சார் மீனோடு வந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். என்னால் சொல்ல முடியவில்லை. மீன் என்ன மீன் என்று கேட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் யாராவது இருட்டாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், எழுந்து விளக்கைப் போடு என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருப்பேன். அதற்கு மேல் ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டேன்.

அக்காவுக்கு இந்தப் பத்திரிகை என்றால் உயிர். வாரா வாரம் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெயிலு சார்தான் உரக்க வாசித்துக் காட்டுகிறார். அதனால்தான் இதை இங்கே எழுதினேன். வெயிலு சார், நடுவில் எங்கேயும் விடாமல்தான் இதுவரைக்கும் வாசித்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அக்கா சொன்னதில் ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. சந்தேகமாக இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்.