நூர் முஹம்மது ஜட்காவின் பிரச்சினை

உலகத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் கோடிக் கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒரு வியாபாரத்தை ஆராய்ந்து, தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் கோடு கிழித்து எழுதத் தெரிந்தவர்கள் 1946-ஆம் வருஷத்தில் திருத்தணியில் பதினொரு பேர்தான் இருந்தோம். மனித குல முன்னேற்றத்தில் அக்கறை உள்ளவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதினொரு பேரில் முதல் மார்க்கு வாங்கியவன் நான்.

எங்கள் வியாபார சாஸ்திரக் கலாசாலை, கீழே நெல் மண்டியும் மேலே கல்வியுமாக நடந்துவந்தது. பிரின்சிபால் பரசுராமன் சென்னையில் பி.காம். பரீட்சையை நான்கு தடவை எழுதியவர். ஒரே தடவையில் தேறிவிடுகிறவர்களுக்கு அந்த ஆழம் வராது. தை மாதம் ஒரு நாள் அவர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே புஸ்தகம் கெடையாது. அமெரிக்காவுல ஒரு வியாபாரத்தை நேர்ல போய்ப் பாத்துதான் எழுதறாங்க. அஞ்சு படி. நிலவரம், பிரச்சினை, காரணம், மாற்று வழி, சிபாரிசு. ஒரு படி தாண்டினாலும் மார்க்கு போயிடும்."

"மலைக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு படி ஏறணும் சார். இதுக்கு அஞ்சுதானா?" என்று கேட்டான் பொதட்டூர்பேட்டை வேடியப்பன்.

"அது புண்ணியம். இது மார்க்கு," என்றார் பிரின்சிபால்.

சிபாரிசு என்றால் உத்தியோகத்துக்காக மாமாவிடம் வாங்கும் கடிதம் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். கல்வி என்னவெல்லாம் கற்றுத்தருகிறது.

எனக்கும் வேடியப்பனுக்கும் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது நூர் முஹம்மது பாயின் ஜட்கா. ஸ்டேஷனில் இறங்கும் யாத்ரிகர்களை மலையடிவாரத்துக் குளக்கரைக்குக் கொண்டுபோய்விடும் ஒற்றைக் குதிரை வண்டி. நோட்டும் பென்சிலுமாக அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். முதல் படியை விரைவாக முடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு வந்தேன்.

"பாய், உங்க வியாபாரத்துல பிரச்சினை இன்னா?"

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணும் இல்லியே தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிரச்சினை இல்லேன்னா நாங்க ரெண்டாவது படியிலியே நின்னுடுவோம்," என்றான் வேடியப்பன்.

"கொள்ளு கெடைக்கறதுதான் கஷ்டமா இருக்குது. எல்லாம் கன்ட்ரோல் ஆச்சே."

"அது சர்க்கார் பிரச்சினை. உங்க பிரச்சினையைச் சொல்லுங்க."

"முழங்கால்ல கொஞ்சம் வலி."

"அது டாக்டர் பிரச்சினை."

பாய்க்கு எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. உள்ளே திரும்பி மனைவி ஹமீதுன்னிசாவிடம் கேட்டார்: "இந்தப் புள்ளைங்க பரீட்சைக்கு நம்ம வண்டியில எதுனா கொறை வேணுமாம். உனக்கு எதுனா தெரியுமா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "கொறை எல்லாம் வண்டிக்காரருக்குத்தான். வண்டிக்கு இல்லே."

வேடியப்பன் அதையும் எழுதிக்கொண்டான். அவனுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை போதாது.

பத்து நாள் பாயோடு வண்டியிலேயே போய்வந்தோம். ரேணிகுண்டா பக்கத்து ரயிலில் வருகிறவர்கள் தெலுங்குக்காரர்கள். அவர்களை "ரா நைனா, ராம்மா" என்று கூப்பிடுவார். கைக்குழந்தைக்கு முடியிறக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டால், குழந்தை விழிக்காதபடி குதிரையை நடையாகவே விடுவார். முடியிறக்கிக் குளித்து, மலையேறித் தரிசனம் முடித்துத் திரும்பும்வரை அவர்களுடைய மூட்டைகளை வண்டியில் வைத்துக் காத்திருந்து, மாலை ரயிலுக்குக் கொண்டுவந்து விடுவார். ஸ்டேஷனுக்கு எதிரே புங்க மரத்தடியில்தான் நிற்பார். வெளியே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடம் அதுதான். எந்த ரயிலில் எந்த ஊர்க்காரர் வருவார், எந்த மாதம் கூட்டம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். "படிக்கிற புள்ளைங்க. கேட்டா சொல்லணும்ல," என்றார்.

ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். வண்டி வரவில்லை. ரயிலில் வந்த ஏழு குடும்பங்கள் மரத்தடியில் நின்று, "நூர் பாய் எங்கே?" என்று கேட்டன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரச்சினை அகப்பட்டுவிட்டது. அன்று மாலையே எழுதினேன்: 'ஒரு வியாபாரம் ஒரு மனிதருடைய நல்ல குணத்தை நம்பி நடப்பது மிகவும் அபாயகரமானது.'

"பாயே பிரச்சினை இல்லேன்னு சொல்றாரே. அப்பிடியே எழுதிட்டா இன்னாடா?" என்றான் வேடியப்பன். எழுதியும் விட்டான். 'வியாபாரம் நன்றாக நடக்கிறது. குதிரைக்குக் கொள்ளு வேண்டும்.' அவ்வளவுதான் அவனுடைய அறிக்கை. பூஜ்யம் வாங்கிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போய், அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டான். திருத்தக் கூடியவனாக எனக்குத் தோன்றவில்லை.

நான் நாற்பது பக்கம் எழுதினேன். ரயில் நேரம், மாதவாரியாகக் கூட்டம், புங்க மரத்தடியின் மகத்துவம், தெலுங்கில் கூப்பிட வேண்டிய முறை எல்லாம் தலைப்பு வாரியாக. மாற்று வழிகள் ஐந்து. ஐந்தாவது, 'யாராவது ஒரு பஸ் விடலாம்.' பக்கம் நிறைய வேண்டுமே என்றுதான் அதைச் சேர்த்தேன்.

பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை வகித்தவர் கலாசாலையின் புரவலர் பங்காரு முதலாளி. வழக்கமாக அவர் மாணவர் எழுதியதைப் படிப்பதில்லை. அன்று மேடையிலேயே நாற்பது பக்கத்தையும் படித்தார். பிரின்சிபாலின் வரவேற்புரை அதற்குள் முடிந்துவிட்டது.

"இது காயிதத்துல கெடக்கக் கூடாதுப்பா," என்று என் முதுகில் தட்டினார். "அஞ்சாவது வழிதான் நல்லா இருக்குது. நீயே வந்து பாத்துக்கோ."

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் பஸ் வந்துவிட்டது. பின்பக்கம் அடுப்பு வைத்து, கரி வாயுவில் ஓடும் பஸ். நான் காக்கி உடுப்போடு ஸ்டேஷன் வாசலில் நின்று, "ரா நைனா, ராம்மா" என்று ஆராய்ச்சிபூர்வமாகக் கூப்பிட்டேன்.

கிருத்திகையன்று நகரியிலிருந்து கோமளவல்லி என்ற அம்மாள் கைக்குழந்தையோடு வந்தார். "நூர் பாய் வண்டி இல்லீங்களா? மூத்தவனுக்கு முடியெறக்க அதுலதான் போனோம்," என்றார்.

"அது பழைய முறைம்மா. ஏறுங்க," என்றேன்.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறினார். புகை உள்ளே சூழ்ந்து குழந்தை வீறிட்டது. பின்னால் காலியாக வந்துகொண்டிருந்த ஜட்கா பக்கத்தில் நின்றது. பாய் இறங்கி, மூட்டையை வாங்கி வைத்து, தாயையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குதிரை நடையாகவே போயிற்று. என் முகம் சுட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதனால் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்தச் சம்பவத்தை முதலாளியிடம் அறிக்கையாகக் கொடுத்தேன். மறுவாரமே அவர் புங்க மரத்தடி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பி வேலி போட்டார். 'மற்ற வண்டிகள் நிற்கக் கூடாது' என்ற போர்டை எழுதியவன் நான். எழுத்து நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.

பாய் ரோட்டுக்கு அப்பால் வெயிலில் நின்றார். வெளியே வருகிறவர்கள் கண்ணில் பஸ்தான் பட்டது. கார்த்திகையில் குதிரையை மணவூரில் ஒருவருக்கு விற்றுவிட்டார். எங்கள் ஆய்வு முடிந்தது. பாய்க்கு ஓய்வு தொடங்கியது. புது ஆளோடு குதிரை நகர மறுத்ததாம். ஆகவே மணவூர் வரை அவரே அதை நடத்திக்கொண்டுபோய் விட்டுவிட்டு ரயிலில் திரும்பினார். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த தலையைப் பார்த்து, "ரா நைனா," என்று வழக்கப்படி கூப்பிட்டேன். பிறகுதான் முகம் தெரிந்தது.

"வேணாம் தம்பி. நடந்துக்கறேன்," என்றார்.

மறு வருஷம் கலாசாலை என்னைக் கௌரவ ஆசிரியராக அழைத்தது. பிரின்சிபால் கொடுத்த புதுத் தலைப்பு, 'ஜட்காத் தொழிலின் வீழ்ச்சி.' ஆறு மாணவர்களோடு போனேன். பாய் அரக்கோணம் ரோட்டோரத்தில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தள்ளி உட்காரச் சொன்னார். மாணவர்கள் நோட்டைப் பிரித்தார்கள்.

"பாய், உங்க பழைய தொழில்ல இருந்த பிரச்சினை இன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"இருந்துதுப்பா," என்றார் பாய் நிதானமாக. "எனக்குத்தான் அப்போ தெரியலே. என் எதிர்லியே நோட்டு வச்சிக்கினு குந்திக்கினு இருந்துது. நானும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினே இருந்தேன்."

மாணவர்கள் மும்முரமாக எழுதினார்கள். பிறகு ஒருவன் என்னிடம் திரும்பி, "சார், இதைக் 'காரணம்'கிற தலைப்புல போடலாமா?" என்று கேட்டான்.

தாராளமாகப் போடலாம் என்றேன். ஆனால் ஆளுடைய பெயரை எழுத வேண்டாம் என்றும், உயர்ந்த ஆராய்ச்சிகளில் அது வழக்கமில்லை என்றும் சொல்லிக்கொடுத்தேன்.