பதறாத கண்காணிப்பாளர்

"சார், இப்பதான் ஒரு பெரியவர்கிட்ட கவுன்ட்டர்ல பேசி அனுப்பினேன். அவர் காலையில ஆறு மணிக்கே செத்துட்டாராம்."

எழுத்தர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் அது. பெரியவரின் பெயருக்கு எதிரே இறந்த தேதி என்று இன்றைய தேதி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெயருக்கும் ஒரு தேதி விழுந்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

கண்காணிப்பாளர் இரண்டடி பின்வாங்கினார். அப்போதுதான் கதவோரம் நின்ற ஆளைக் கவனித்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு தாளும் பேனாவும். அந்த ஆள் அறையைச் சுற்றிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

கண்காணிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அடச்சே, ஒத்திகைம்மா!" என்று கிசுகிசுத்தார். "கம்ப்யூட்டர்ல திருடன் புகுந்தா நாம எப்படிச் சமாளிக்கிறோம்னு பாக்க, சொல்லாமக் கொள்ளாம ஆள் வருவாங்கன்னு சுற்றறிக்கை வந்துச்சே. பதறக் கூடாது. பதறினா மார்க் போச்சு."

எதுவானாலும் உடனே வயரைப் பிடுங்கித் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கைக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அவர் அதைப் புரட்டாமல் முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

"வயரப் பிடுங்கிட்டுத் தலைமை ஆபீஸுக்குச் சொல்லிடலாம் சார்."

"மூச்! நாமளே சமாளிச்சோம்னு இருக்கணும்."

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். அது எழுந்து வந்தபோது ஒரு தெரு முழுக்க இறந்திருந்தது.

பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் செருகச் சொன்னார். இப்போது இரண்டு திரைகளிலும் தேதிகள் சத்தமில்லாமல் விழுந்தன. வந்த ஆள் அந்த மேஜைப் பக்கம் போய் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கண்காணிப்பாளர் புன்னகைத்தார். அவரும் புன்னகைத்தார்.

மூலையில் கிடந்த பிரின்டர் தானாக உறுமத் தொடங்கியது. இறப்புச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தரையில் சரிந்தன. எழுத்தர் குனிந்து ஒன்றை எடுத்தார்.

"சார், என் மாமியார்!"

"சந்தோஷமோ வருத்தமோ, எதையும் முகத்துல காட்டாத."

திரையில் ஒரு கட்டம் தோன்றியது. 'நிறுத்த வேண்டுமா? பொறுப்பு அதிகாரியின் கடவுச்சொல்லை இடவும்.'

"வேணாம் சார்!"

"இதுதான்மா கடைசிக் கேள்வி" என்று ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தட்டினார்.

பிரின்டர் நின்றது. மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒரே ஒரு தாள் மட்டும் மெல்ல வெளியே நகர்ந்து வந்தது. அவர் பெயர். அவர் முகவரி. இறந்த நேரம் பதினொன்று நாற்பது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பதுதான்.

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க..." குரல் உடைந்திருந்தது. "உங்க இறப்புச் சான்றிதழ் தயாரா இருக்கு, வந்து வாங்கிக்கங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. நீங்க... எங்கிருந்து பேசுறீங்க?"

"ஆபீஸ்லருந்துதான்!"

"அங்கதாங்க வரச் சொல்லியிருக்காங்க" என்று அவள் ஓவென்று அழத் தொடங்கினாள்.

கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆளிடம் போனார்.

"பாத்தீங்கல்ல சார்? ஒரு நிமிஷம்கூடப் பதறல. வீட்டுல வேற பயந்து போயிட்டாங்க. ஒத்திகைய இத்தோட முடிச்சுக்கலாமா?"

அந்த ஆள் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன ஒத்திகை சார்? கால் உடைஞ்ச நாற்காலி எத்தனைன்னு எண்ணிட்டுப் போக வந்தவன் நான்."