முன்பல் சாட்சி

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணும். இல்லைன்னா அந்தக் குழந்தை லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

மனைவி தத்துப் படிவத்தை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் பேனாவையும் வைத்தாள். பல் செட் கட்டுகிற கணவன் நிமிரவில்லை. வீட்டு முன்னறைதான் அவன் பட்டறை. ஒரு கையில் மெழுகுக் கத்தி. மறு கையில் போன். கல்லூரி நண்பர்கள் குழுவில் காலையிலிருந்து சண்டை.

"யாரோ பெத்தது எப்படி நம்ம பிள்ளையாகும்? ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க."

"இன்னைக்கு நிரூபிச்சுக் காட்டறேன், இரு."

குழுவில் எதிர்த்து நின்றவன் ஒரே ஒருவன். கல்லூரியிலேயே அவனுக்குக் கொசு என்று பேர்.

'மரபணுதான் மனுஷன். மத்ததெல்லாம் மேல்பூச்சு' என்று எழுதினான் இவன்.

'போன வருஷம் ஆபரேஷன்ல எனக்கு மூணு பாட்டில் அடுத்தவன் ரத்தம் ஏத்தினாங்க. இப்ப நான் யாருடா?' என்றான் கொசு.

முப்பது பேர் சிரித்திருந்தார்கள். அதில் மனைவியும் இருந்தாள். அவளும் அதே வகுப்புதான்.

இவனுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் அப்பாவை எழுப்பினான்.

"அப்பா, சிரிங்க."

"எதுக்குடா?"

"சிரிங்க, சொல்றேன்."

கன்னத்தோடு கன்னம் வைத்து இருவரும் சிரித்த படம் குழுவுக்குப் போனது. இருவருக்கும் முன்பற்களின் நடுவே, தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அச்சில் வார்த்த மாதிரி.

'இது மரபணு. இதுக்குமேல சாட்சி வேணுமா?'

இரண்டே நிமிடத்தில் கொசு கேட்டான்.

'உங்க அப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. ஒரு பல்லுகூடவா விழலை?'

இவனுக்குத் தொழிலில் பொய் வராது. 'அது செட். நான்தான் கட்டினேன்.'

'நீயே சாட்சியைச் செய்வே, நீயே தீர்ப்பும் சொல்லுவே. பேஷ்!'

'அவருக்கு அசல் பல்லு எப்படி இருந்ததோ, அப்படியே கட்டினேன்டா!'

'அசலை நீ பார்த்தியா?'

பார்த்ததில்லை. இவனுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பாவின் முன்பற்கள் போய்விட்டன. செட் கட்டும்போது எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டான். பழைய பல் எப்படி இருந்தது? அவர் சொன்னார். இவன் கட்டினான். ஆனால் அதைக் கொசுவிடம் ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகப் பழைய பல்லையே முளைக்க வைத்துவிடலாம்.

'பழைய போட்டோ போடறேன். அதுல சந்து இல்லைன்னா அந்தத் தத்துப் பேப்பர்ல கையெழுத்தே போட்டுடறேன். போதுமா?'

மனைவி கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தாள், குழுவில்.

அலமாரி தலைகீழானது. கல்யாணப் படத்தில் அப்பா வாயை இறுக மூடியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த படத்திலும் அப்படியே. அடையாள அட்டையில் யாரோ அடித்து உட்கார வைத்த மாதிரி. நாலரை மணிக்கு ஒரு படம் கிடைத்தது. இருபது வயதில், சைக்கிள்மேல், வாய்கொள்ளாச் சிரிப்பு.

பற்கள் சுவர் எழுப்பின மாதிரி நின்றன. ஒரு நூல்கூட நுழையாது.

"படம் தேய்ஞ்சு போச்சு" என்றான்.

"சட்டைப் பித்தான் தேயலையே" என்றாள் மனைவி.

"ஒரு போட்டோ பேசிட்டா ஆச்சா? அவரையே கேட்கறேன். வா!"

அப்பா பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டிருந்தார். படத்தை நீட்டினான்.

"அப்பா, சந்து இருந்துச்சுன்னு சொல்லித்தானே கட்டச் சொன்னீங்க? இதுல எங்கே? எனக்கு இன்னைக்கு மானப் பிரச்சினை."

அப்பா படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மருமகள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அவர் பல் இல்லாமல் முக்கியமான பேச்சு எதுவும் பேசமாட்டார். செட்டை எடுத்தார். உதறினார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நிதானமாகப் பொருத்திக்கொண்டார்.

"குரூப்புல போட்டுக்கோ, எனக்கொண்ணும் வெட்கமில்லை" என்றார். "ரெண்டு வயசுல உன்னை அனாதை இல்லத்துலேருந்து தூக்கிட்டு வந்தப்பவே உனக்கு அந்தச் சந்து இருந்துச்சு, செட்டு கட்டறப்பதான், நானும் உன் ஜாடைக்கு வந்துடலாம்னு ஒரு பொய் சொன்னேன்டா."