மதினிக்கு நான் பூசச் சொன்ன செராமைடு

விருதுநகர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் ஊர்க்காவலன் அவர்களுக்கு, தங்கை முத்துமாரி எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் ஓவியாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, முதுகுவலி தேவலையா என்பதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் தாளில் கேட்கிறேன். லீவு முடிந்து அங்கே திரும்பும் கருத்தப்பாண்டியின் பெட்டியில், சாத்தூர்ச் சேவுக்கும் இட்லிப்பொடிக்கும் நடுவில் இந்தக் கடிதம் இருக்கும். முதலில் பொடியைச் சாப்பிட்டுவிடுங்கள். கடிதத்தைப் படித்த பிறகு நான் இடித்த பொடி உங்களுக்குத் தொண்டையில் இறங்காமல் போகலாம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பொடிக்குத்தான் மிளகாய் வறுத்தேன். நெடி ஏறினால் வீட்டுக்காரருக்கு இருமல் வரும் என்று அடுப்படிக் கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்துவதே கிடையாது, எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். சாத்தியபோதுதான் அதன் உள்பக்கம் கண்ணில் பட்டது. நெஞ்சு உயரத்தில் ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு, வெள்ளி நிறத்தில், கதவைத் தள்ளப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்ட மாதிரி பதிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றதில் மிளகாய் கருகிவிட்டது, கதவைச் சாத்தியும் பயனில்லாமல் வீட்டுக்காரர் இருமினார். அது பொன்மணி மதினியின் கை. ஓவியாவின் நிச்சயதார்த்தத்தன்று மதினியை உள்ளே வைத்து அந்தக் கதவைச் சாத்தியவள் நான்.

நிச்சயதார்த்த வீடியோவை யாரோ உங்களுக்கு அனுப்பி, அதில் தாய்மாமன் வீட்டுத் தட்டை மதினி கொடுக்காமல் என் நாத்தனார் சண்முகத்தாய் கொடுப்பதைப் பார்த்துத்தானே, "தாய்மாமன் இல்லாமலே கல்யாணத்தையும் நடத்திக்கோ" என்று எழுதிவிட்டு என் நம்பரைத் தடுத்தீர்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அந்தத் தட்டு மதினி கையால்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மதினி உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். எல்லாம் செராமைடால் வந்தது. இல்லை, என்னால் வந்தது, ஆனால் செராமைடில் ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

சிவகாசி அச்சகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாளுக்குத் தமிழ் போட்டுப் பிழை திருத்துவது. வருஷம் முழுக்க "பற்றவைத்ததும் விலகி நிற்கவும்" என்றே திருத்திக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முகக்கிரீம் ஆர்டர் வந்தது. நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவள் என்று முதலாளி அதை என்னிடம் கொடுத்தார். அங்கே பிடித்தது சனி. நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவராம். தட்டையாகிப் போன செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு நடுவே பூசிய சாந்து கொழுப்பு, அந்தச் சாந்தில் பெரும்பங்கு செராமைடு. சாந்து கெட்டியாக இருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது, வெளியே உள்ள தூசியும் காரமும் உள்ளே வராது. காட்டமான சோப்பு, மண்ணெண்ணெய், முரட்டுத் தேய்ப்பு எல்லாம் அந்தச் சாந்தைக் கரைத்துவிடும். அப்புறம் தோல் வறண்டு வெடித்து, எதைத் தொட்டாலும் எரியும். செராமைடு உள்ள கிரீம், போன சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பூசிக் கொடுக்கிறது. இதை எழுதி முடித்தபோது தோலையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. வீட்டுக்காரரை உட்கார வைத்து விளக்கினேன். "நம்ம வீட்டு முன்சுவர்லயும் சாந்து உதிர்ந்துதான் கெடக்கு, அதுக்கும் ரெண்டு டியூப் வாங்கிட்டு வா" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் வேறொரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மதுரைச் சம்பந்தியம்மா முதன்முதலில் போன் பேசியபோது, "உங்க அண்ணன் சம்சாரம் என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். "பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல இருக்காங்க" என்று வாய்தவறி வந்துவிட்டது. வாய்தவறி என்று எழுதுவதும் பொய்தான், யோசித்துத்தான் சொன்னேன். தாயில்பட்டியில் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கும் கை எப்படி இருக்கும்? விரல்நுனி எல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள்ளே கருப்பு. அந்தக் கை தட்டோடு சம்பந்தியம்மா முன்னால் நீளுமே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அச்சகத்துக்கு மாதிரிக்கு வந்த கிரீம் டியூப்களை எடுத்து, மதினியின் கம்பெனி வேன் டிரைவர் மொக்கைச்சாமியிடம் கொடுத்தனுப்பினேன். பாசம் என்று மதினி நினைத்துக்கொண்டார்கள். போனில் சட்டமும் போட்டேன். "காலையில வேலைக்குப் போகும்போது கெட்டியாத் தடவுங்க மதினி, மத்தியானமும் தடவுங்க, நிச்சயதார்த்தம் வரைக்கும் சோப்புப் பக்கமே போகாதீங்க." நான் போட்ட தாளிலேயே "கழுவிச் சுத்தமான தோலில்" என்று முதல் வரி இருக்கிறது. வேலை முடிந்து வந்து, தூசியைக் கழுவிவிட்டுத் தடவுவதற்காகச் சொன்ன கிரீம் அது. எனக்கு அவசரம், அந்த வரியை விட்டுவிட்டேன்.

மத்தாப்பில் அலுமினியப் பொடி இருக்கிறது என்று நான் படித்த கெமிஸ்ட்ரியும் அப்போது எனக்குச் சொல்லவில்லை. கிரீம் ஈரத்தில் பொடி ஒட்டி, அதன்மேல் கிரீம், அதன்மேல் பொடி. சீசன் நேரம், முழு லீவு கிடைக்காது என்று நிச்சயதார்த்தத்தன்று அரை நாள் வேலை முடித்து, கம்பெனி வேனிலேயே நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள் மதினி. முழங்கை வரைக்கும் வெள்ளி. வேர்வையைத் துடைத்த இடமெல்லாம், கன்னம், நெற்றி, மூக்குநுனி எல்லாம் வெள்ளி. கவசம் சாத்திய அம்மன் கட்டைப்பையோடு நடந்து வந்த மாதிரி இருந்தது.

"என்ன மதினி இது?"

"நீ குடுத்த கிரீமுதான் மாரி. எம்புட்டுக் கழுவுனாலும் போகல. பேக்கிங் செட்ல எல்லாரும் எங்கிட்ட வந்து அருள்வாக்குக் கேக்குறாளுக. போர்மேன் செல்லச்சாமி வேற, 'ராத்திரி ஷிப்டுக்கு லைட்டு வேண்டாம், பொன்மணிய நடுவுல உக்கார வைங்க'ங்கான்."

மதினி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருமங்கலம் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. மதினியை அடுப்படிக்கு இழுத்துப் போய், புளியைப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. பாத்திரம் விளக்கும் பவுடரை இரும்பு நாரில் தொட்டுத் தேய்த்தேன். சுவர், சாந்து என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், மதினியின் கையிலிருந்து சுவரையே உரித்துக்கொண்டிருந்தேன் அண்ணே. வெள்ளி பாதி போய்ச் சிவப்பு தெரிந்தது. "மெதுவாடி, அது கை, குண்டான் இல்ல" என்றார்கள் மதினி. அப்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. "கொஞ்ச நேரம் உள்ளேயே இருங்க மதினி, கூப்பிடுறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாயெல்லாம் பல்லாகப் போய் வரவேற்றேன்.

கூப்பிடவே இல்லை. தட்டு மாற்றும்போது, "அத்தை எங்கம்மா?" என்று ஓவியா காதில் கேட்டாள். "வந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சண்முகத்தாயின் கையில் தட்டைத் திணித்தேன். அதைத்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். இனி எழுதுவது வீடியோவில் இல்லாதது.

சம்பந்தியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை போட வெந்நீர் வேண்டியிருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அவர்களே போய் அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வெள்ளிக் கன்னத்தோடு, கையில் புளியோடு மதினி. சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் கும்பிடலாமா வேண்டாமா என்பது போல நின்றுவிட்டு, "யாருங்க இவங்க?" என்றார்கள். அண்ணே, அப்போதுகூட ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். "கேட்டரிங் ஆளு" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார்கள். அதுவும் ஒரு நொடிதான். உடனே ஒரு டம்ளரைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, சூடு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, "போதுமாம்மா?" என்று நீட்டினார்கள். சம்பந்தியம்மா மாத்திரையை முழுங்கிவிட்டு, "உங்க அண்ணன் சம்சாரம் வரலையா?" என்று என்னைக் கேட்டார்கள். "அவங்களுக்கு ஆபீஸ்ல ஆடிட்டுங்க" என்றேன். மதினி திரும்பி நின்று அண்டாவைக் கழுவ ஆரம்பித்தார்கள். எல்லாரும் போன பிறகு சாப்பிடக் கூப்பிட்டேன். "கை எரியுது மாரி, கொழம்பு தொட முடியாது" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் மதினி எப்போதும் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள், நினைவிருக்கிறதா? துரைசாணி, துரைசாணி என்று நாமெல்லாம் கேலி பண்ணுவோம். வெடிப்புக் கையில் காரம் பட்டால் எரியும் என்று நானே தமிழ் போட்டு அச்சடித்த பிறகும், அந்த ஸ்பூன் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. போன வாரம் சம்பந்தியம்மா போன் பண்ணி, அந்தக் கேட்டரிங் அம்மாவின் நம்பர் வேண்டும் என்கிறார்கள். "எம்புட்டு மரியாதையான பொம்பளை. சூட்டக்கூடத் தொட்டுப் பாத்துக் குடுத்தாங்க. எங்க பக்கத்து விருந்து வேலைக்கு அவங்களத்தான் சொல்லணும்." தேடித் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டே போகிறேன். தினமும் கேட்கிறார்கள்.

ஆகவே அண்ணே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். தை மாதக் கல்யாணத்துக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். தாய்மாமன் மாலை இல்லாமல் ஓவியா மணையில் உட்கார்ந்தால் ஊர் என்னைக் கேட்காது, என் மனசு கேட்கும். வருவதற்கு முன்னால் மதினியிடம் சொல்லிப் பத்து நாள் லீவு போடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். லீவில் இருந்தால் கை தெளிந்துவிடும். அன்றைக்கு முகமெல்லாம் வெள்ளியாக இருந்ததால் சம்பந்தியம்மாவுக்கு அடையாளம் தெரியாது. பட்டுச்சேலையும் கண்ணாடியும் போட்டுவிட்டால் ஆபீஸ்காரி என்று யாரும் நம்புவார்கள். அப்படியும் சந்தேகம் வந்தால், கேட்டரிங் அம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஒரே சாயல் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாக யாருக்கும் தோன்றாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தூங்காதீர்கள். ஓவியா மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இருக்கன்குடி மாரியம்மன் நம் எல்லாருக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும், கையிருப்பு குறைவாக இருந்தால் முதலில் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று போட இன்னும் உரிமை இருப்பதாக நம்பும்
முத்துமாரி

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுக்கும்போது மதினி போன் பண்ணினார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவர்களாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. "ஏ மாரி, அந்தக் கிரீமு தீந்துபோச்சு, இன்னும் இருக்கா? இப்ப வேலை விட்டு வந்து, கழுவிட்டு ராத்திரி மட்டும் தடவுறேன். தாள்ல அப்படித்தான போட்டிருக்கு. வெடிப்பு மூடிக்கிருச்சு. நேத்து ஆனைக்குட்டம் டேமு கெண்டைய வாங்கிக் கொழம்பு வச்சேன். கையால பெசஞ்சு தின்னேன்டி. எத்தனை வருசம் ஆச்சு." நான் மூக்கை உறிஞ்சினேன். "அழுறியா? அழுதா அழு. கேட்டரிங்குக்குச் சம்பளம் எப்பத் தருவ, அதச் சொல்லு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

மேலே கேட்டது எதையும் செய்யாதீர்கள் அண்ணே. லீவு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், ஒரே சாயல் வேண்டாம். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம், நான் மன்றாடி வரவைத்தால் அதுவும் மதினியை மறைக்க இன்னொரு கதவைச் சாத்துவதுதான். வராவிட்டால் உங்கள் மாலையை மதினி போடுவார்கள், சீர்த்தட்டும் அவர்கள் கையால்தான் போகும், அன்றைக்கு அந்தக் கை எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. சம்பந்தியம்மா கேட்ட நம்பரை நாளைக் காலையில் அனுப்பப் போகிறேன். பெயர் பொன்மணி, ஓவியாவின் தாய்மாமன் மனைவி, கம்பி மத்தாப்பு பேக்கிங், அன்று வெந்நீர் கொடுத்தவர் என்று எழுதியே அனுப்பப் போகிறேன். அதற்குப் பிறகு கல்யாணம் நிற்குமோ நடக்குமோ தெரியாது. வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, ஓவியாவுக்குச் சொல்லவில்லை, மதினிக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கதவில் இருக்கும் கையை நான் துடைக்கவில்லை.